வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியவர்

கயல், இளங்கோ, இதை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். தமிழில் இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அப்பா ஆங்கிலத்தில் எழுதினால் அது அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடும்.

நான் இலங்கைக்குப் போய் வந்தது உங்களுக்கு லேசாக நினைவிருக்கும். அப்போது கயலுக்கு முன்பல் விழுந்திருந்தது. இளங்கோ என் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான். எதற்குப் போனீர்கள் என்று கேட்கும்போதெல்லாம் "ஆபீஸ் வேலை" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அது பொய் இல்லை. ஆனால் அவ்வளவுதான் என்றும் சொல்ல முடியாது.

உங்களுக்குத் தெரியும், அப்பா வழக்கறிஞர் இல்லை. உயர்நிலை நான்கோடு படிப்பு நின்றுபோனது. நீதிமன்றத்துக்கு வழக்குக் கட்டுகளைத் தூக்கிப் போவதும், கப்பல் பட்டறையில் அடிபட்ட தமிழ்த் தொழிலாளிகள் வந்தால் அவர்கள் பேச்சை வழக்கறிஞருக்கு மொழிபெயர்ப்பதும்தான் என் வேலை. அந்த ஆண்டு சிங்கப்பூரில் உள்ள வழக்கறிஞர் அலுவலகங்களுக்கெல்லாம் ஒரு புது விதி வந்தது. கள்ளப் பணத்தை நல்ல பணமாக்குகிறவர்கள் வழக்கறிஞரின் கணக்கில் பணத்தைப் போட்டு, அதைக் கொண்டு ஒரு வீட்டை வாங்குவார்கள். வெளியே வரும்போது அந்தப் பணம் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்தது போல இருக்கும். அதனால் இனிமேல் ஒவ்வொரு கட்சிக்காரரும் யார், பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று அலுவலகமே விசாரித்து எழுதி வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவரிடம் சொல்லாமலே அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதைக் கவனிக்கத் திருமதி லிம் என்று ஒருவரை நியமித்தார்கள். மதியச் சாப்பாட்டைக்கூடக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிடுவார்.

அவர் முதலில் வெளியே எடுத்து வைத்த கோப்பு குணாவுடையது. பெயரை மாற்றியிருக்கிறேன். மட்டக்களப்புப் பையன். இரும்புத் தகடு விழுந்து வலது கையில் கட்டை விரலைத் தவிர எல்லாம் போய்விட்டது. இழப்பீட்டுப் பணம் எங்கள் அலுவலகக் கணக்குக்கு வந்திருந்தது. மாதக் கடைசியில் வேலை அனுமதி முடிந்து அவர் ஊர் திரும்ப வேண்டும். பணத்தைத் தன் கையில் தர வேண்டாம், ஊரில் தன் வங்கிக் கணக்கிலும் போட வேண்டாம் என்றார். மட்டக்களப்பில் இருக்கும் ஒரு நொத்தாரிசுக்கு அனுப்பி, ஒரு வீட்டை வாங்கி, தங்கச்சியின் மூன்று வயதுப் பெண்பிள்ளையின் பெயரில் எழுதிவிடச் சொன்னார். நொத்தாரிசு என்றால் அங்கே பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் வழக்கறிஞர்.

திருமதி லிம் அந்தப் பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு போட்டார். கையிழந்தவன் தன் பணம் மொத்தத்தையும் தனக்குப் பிறக்காத குழந்தைக்குக் கொடுப்பானா, அதுவும் சண்டை நடக்கும் நாட்டில்? பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே அப்படித்தான் பட்டது.

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது குணா என்னிடம் மெல்லச் சொன்னார். "அண்ணன், காசோட போய் இறங்கினா என்னை ரெண்டு கிழமைக்குள்ள தூக்கிருவாங்க. இவன்ட்ட ஒண்டுமில்ல எண்டு ஊருக்குத் தெரியவேணும். மறுகாதான் நான் போய் இறங்கவேணும்." கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம், மறுகா என்றால் பிறகு. தூக்குவது என்றால் ஆயுதக் குழுக்கள் காசுக்காக ஆளைக் கடத்துவது.

நேரில் பார்த்து உறுதிசெய்யாமல் பணத்தை விட முடியாது என்றார் திருமதி லிம். அதனால்தான் என்னை அனுப்பினார்கள். தங்கச்சியை நேரில் பார்க்க வேண்டும். அந்த நொத்தாரிசு அலுவலகம் எங்களுக்காகச் சரிபார்க்கப் போகிறது, ஆகவே அதற்கும் புது விதிகளைச் சொல்லிக் கொடுத்துத் தயார் செய்ய வேண்டும். முதலாளி என் தோளைத் தட்டி, ஒரு வாரம் விடுமுறை மாதிரி நினைத்துக்கொள் என்றார்.

முதல் நாள் முழுக்கப் பேருந்தில் போனது. சோதனைச் சாவடி வரும், எல்லாரும் பையோடு இறங்குவோம், நடப்போம், மறுபக்கம் போய் மறுபடி ஏறுவோம். நம் விமான நிலையத்தில் பெட்டி தானாக ஓடி எந்திரத்துக்குள் போய் வருவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக் காட்டுவது கூச்சமாக இருந்தது. ஒரு சாவடியில் சிப்பாய்ப் பையன் என் மைலோ பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார்: இது மருந்தா என்று கேட்கிறான். குடிக்கிறது, குழந்தைகள் குடிக்கிறது என்றேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அவன் தங்கச்சிக்கு உடம்பு வைக்கவில்லையாம், இதைக் கொடுத்தால் வைக்குமா என்று கேட்கிறானாம். பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் கொடுத்தேன். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

வாழைச்சேனை தாண்டி மட்டக்களப்பு நகரத்துக்குள் வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஆனால் கடைக்காரர்கள் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மழை வருவது போல வேகமாக நடந்தார்கள். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. தங்கும் விடுதிக்காரர் புட்டும் களப்பு நண்டுக் கறியும் வைத்துவிட்டு, சாப்பிட்டதும் வெளியே போக வேண்டாம் என்றார். எங்கே போவது என்று கேட்டேன். அதைத்தான் சொல்கிறேன் என்றார். நண்டு நம் ஊர் மிளகாய் நண்டைவிட நன்றாக இருந்தது என்று உங்கள் அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

இரண்டாம் நாள் நொத்தாரிசின் அலுவலகம். அங்கே அலுவலகத்தைக் கந்தோர் என்கிறார்கள். நொத்தாரிசு ஒரு பெண்மணி. தவமணி மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும், மேசையில் ஒரு பக்கம் முத்திரைகள், மறுபக்கம் தயிர்ச் சட்டி. அவருடைய எழுதுவினைஞர், அதாவது எழுத்தர், ஸ்டான்லி பறங்கிக்காரர். அவர் முன்னோர் போர்த்துக்கலில் இருந்து வந்தவர்களாம். கழுத்தில் சிலுவை, வாயில் அசல் மட்டக்களப்புத் தமிழ்.

நான் சிங்கப்பூரில் இரண்டு நாள் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தேன். கட்சிக்காரர் யார், பணம் யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, இதை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் அவரிடம் மூச்சு விடக் கூடாது.

மிஸ் என்னை முடிக்கவிட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீங்க சொல்ற கேள்வி ஒண்டும் எங்களுக்குப் புதிசில்ல, தம்பி. ஆர் அனுப்பினது, எங்கால வந்தது, ஆருக்குப் போகுது. முந்தி ஒரு பகுதி வந்து கேட்டுது. மறுகா மற்றப் பகுதி. மறுகா அதுக்குள்ள இருந்து பிரிஞ்ச பகுதி. பதில் சொன்ன ஆக்கள் கொஞ்சப் பேர் இப்ப இல்ல."

ஸ்டான்லி தலையைத் தூக்காமல் சொன்னார். "எங்களுக்கும் ஒரு துவக்குத் தந்தா நாங்களும் கேட்டுப் பாப்பம், மிஸ்."

துவக்கு என்றால் துப்பாக்கி. பகுதி என்று மிஸ் சொன்னது அதை வைத்திருக்கும் குழுக்களை. மிஸ் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது.

அவர்கள் வேலை செய்யும் முறையைக் காட்டினார்கள். நிலம் வாங்க வருகிறவர்கள் வராந்தாவில் இருப்பார்கள். யாருடைய முறை வருகிறதோ அவர் உள்ளே வந்ததும் ஸ்டான்லி வானொலியைச் சத்தமாக வைப்பார். விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள், மிஸ் பார்ப்பார், உடனே ஈரத் துணியால் துடைப்பார். அந்தச் சிலேட்டு சுனாமிக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த நிவாரணப் பையில் இருந்தது. மூலையில் ஒரு கரடிப் படம் இருந்தது. நம் அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைப்பதுதான் ஒழுங்கு. இங்கே எழுதியதை அழிப்பதுதான் ஒழுங்கு. இரண்டையும் எப்படி ஒட்டவைப்பது என்று எனக்குத் தலை சுற்றியது.

நாங்கள் மதியம்வரை வாதாடினோம். மிஸ் விதியை மறுக்கவில்லை. கள்ளக் காசு என்ன செய்யும் என்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்றார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: பதில் எழுதிய தாள் இந்த ஊரில் ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது. தொலைநகலில் அனுப்பினால் அதை அனுப்பும் கடைக்காரன் படிப்பான், அவன் பின்னால் நிற்கிறவனும் படிப்பான். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். அவர் காதோடு கேட்பார். நம்பினால் சான்று கொடுப்பார். காரணம் எழுதிய தாள் கையோடு சிங்கப்பூருக்குப் போய் அங்கே பூட்டுக்குள் இருக்கும். அடையாளச் சான்று மட்டும் வழக்கம்போல உறுதியோடு இருக்கும். பத்திரத்தை அங்கே உறுதி என்பார்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரி, வீட்டைப் படம் எடு என்றும் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னதும் மிஸ் கையை உயர்த்தித் தடுத்தார். ஊருக்குள் குணாவின் பெயரை ஒருத்தரிடமும் உச்சரிக்கக் கூடாது என்றார். ஸ்டான்லியை உடன் அனுப்பச் சொன்னேன். மிஸ் மறுத்துவிட்டார். நொத்தாரிசு கந்தோர் ஆள் வந்தால் யாரோ வீடு வாங்குகிறார்கள் என்று நாய்க்குக்கூடத் தெரிந்துவிடுமாம்.

"நாளைக்கு நீங்க தனியப் போங்க. அந்த ஃபைல கையில வெச்சிருங்க, எல்லாருக்கும் தெரியத்தக்கதா. மற்றத நாங்க பாக்கிறம்."

என்னத்தைப் பார்ப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தங்கச்சி இருக்கும் மண்டூர்ப் பக்கம் போனேன். வழியில் கடற்கரைப் பக்கமாக ஆட்டோ போனபோது வீடுகளின் அடித்தளம் மட்டும் மணலில் வரிசையாகத் தெரிந்தது. குணாவின் அம்மா வீடும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அந்த வீடும் அம்மாவும் சுனாமி வந்த ஒரே காலையில் போனதாகச் சொல்லியிருந்தார்.

அங்குள்ள நீண்ட கடற்கழியை வாவி என்பார்கள். அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் சொல்கிறார்கள். சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். கடக்க ஒரு மிதவை உண்டு, வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை போட்டது. அதில் பதினைந்து இருபது பேர், சைக்கிள்கள், ஒரு ஆட்டுக்குட்டி. கடைசியில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஏறியது. எண் பலகை இல்லை. அதில் வந்த இரண்டு இளைஞர்களும் இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது.

பாதித் தண்ணீரில் எந்திரம் இருமி நின்றுவிட்டது. மிதவைக்காரர் கயிற்றை இழுத்தார், திட்டினார், மறுபடி இழுத்தார். நம் ஊரில் ரயில் ஐந்து நிமிடம் நின்றால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டுக்குட்டி மட்டும் கத்தியது. ஆட்கள் நீளக் கம்பை எடுத்து ஊன்றத் தொடங்கினார்கள்.

அப்போது அந்த இரண்டு பேரில் ஒருவன் என்னைப் பார்த்து, எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். சிங்கப்பூர் என்று வாய் தவறி வந்துவிட்டது.

"சிங்கப்பூரா. இஞ்ச ஆர்ட வீட்ட போறீங்க?"

பிள்ளைகளே, நான் கோப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேற ஆர்ட வீட்ட? எங்கட வீட்டதான்." இறால் விற்றுவிட்டு வந்த வெறும் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நேராக என்னிடம் வந்தாள். "நீங்க என்.ஜி.ஓ தானே? ஃபைலப் பாத்தாத் தெரியாதா? சுனாமிக்குக் கக்கூசு கட்டித் தந்தீங்களே, கதவு எங்க? ஒரு வருசமா நாங்க சாக்கத் தொங்கவிட்டு இருக்கிறம். காத்தடிச்சா ஊரே பாக்குது."

மிதவையில் சிரிப்பு கிளம்பியது. இன்னொரு கிழவி சேர்ந்துகொண்டாள். "எங்கடதுக்குக் கதவு இருக்கு கா, குழிதான் இல்ல." ஆளாளுக்குத் தங்கள் கழிவறையின் குறையைச் சொன்னார்கள். நான் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினேன். 

கரை ஏறியதும் அவள் என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் திட்டிக்கொண்டே வந்தாள். மோட்டார் சைக்கிளும் மெதுவாக வந்தது. ஒரு வேலிக்குள் போனோம். அவள் சொன்னது உண்மை. நீலச் சுவர், ஒரு நிறுவனத்தின் சின்னம், வாசலில் உரச் சாக்கு. நான் சாண் போட்டுக் கதவு நிலையை அளந்தேன். உயரம், அகலம், கீல் வைக்கும் இடம் எல்லாம் சத்தமாகச் சொல்லி எழுதினேன். படமும் எடுத்தேன். அவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவன் கொட்டாவி விட்டான், மற்றவன் வண்டியை முடுக்கினான். சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை நான் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி குடிங்க, அண்ணன்," என்றாள் அவள், குரலே மாறிப்போய். "நான்தான் குணாட தங்கச்சி. மிஸ் நேற்றே தயிர்க்காரனிட்ட சொல்லி விட்டவ."

அவளை வசந்தி என்று வைத்துக்கொள்வோம். உறவுக்காரர் வீட்டு வளவில் தகரமும் தென்னங்கிடுகும் போட்ட ஒரு குடிசை. கணவர் வயலில் கூலி வேலைக்குப் போயிருந்தார். குழந்தை நிழலில் உட்கார்ந்து ஒரு செருப்புக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். வசந்தி எனக்கு வெறும் தேநீரும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தாள். சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டுமாம்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். காசு குணாவினுடையதுதானா, வேறு யாராவது இதற்குப் பின்னால் இருக்கிறார்களா என்று கேட்டேன். அவனுடைய விரல்தான் பின்னால் இருக்கிறது என்றாள். ஏன் உன் பெயரில் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதினால் நாளைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், மூன்று வயதுப் பிள்ளையைப் பிடித்துவைத்து யார் விசாரிப்பது என்றாள். அதோடு எப்படியும் அது பிள்ளைக்குப் போகிற வீடுதானே. அங்கே வீடு பெண்பிள்ளைக்கு. அம்மாவின் வீடு மகளுக்கு வரும், கல்யாணம் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். வசந்திக்கு வந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. பெண்ணுக்கு வீடு இல்லாமல் போனால் அதை எழுப்பிக் கொடுப்பது அவள் கூடப் பிறந்தவன் பொறுப்பு. அதற்குத்தான் குணா கப்பல் பட்டறைக்கு வந்தார்.

திருமதி லிம்மின் கேள்வி எனக்குள் இன்னும் அப்படியே இருந்தது. நாளைக்குக் குணாவுக்கே பிள்ளைகள் பிறந்தால், எங்களுக்கு ஒன்றும் வைக்காமல் வேறு குழந்தைக்குக் கொடுத்துவிட்டாரே என்று கேட்க மாட்டார்களா என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை, இவ்வளவு தூரம் படித்து வந்தும் இது தெரியாதா என்பது மாதிரி இருந்தது.

"வேற குழந்தையா? அண்ணன், எங்களுக்குக் குடி தாய்வழி. அவனுக்குப் பிறக்கிறது அவன் கட்டுறவள்ட குடி. கோயில்ல அதுகளுக்கு அவட குடியிலதான் முறை. இவள் என்ட வயித்துல பிறந்தவள், அப்ப இவள்தான் அவன்ட குடி. இவளுக்குக் குடுக்காம வேற ஆருக்குக் குடுக்கிறது?"

குடி என்றால் அங்கே ஒரே வம்சத்து ஆட்கள், கோயில் பூசையில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு முறை உண்டு. அந்தக் குடியின் பெயரையும் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

நான் எழுந்தபோது அவள் கேட்டாள், குணாவின் கை எப்படி இருக்கிறது என்று. இரண்டு விரலில் வெட்டு, ஆறிவிட்டது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். நான் செருப்பை மாட்டுவது போலக் குனிந்துகொண்டு, அவரே வந்து காட்டுவார் என்றேன்.  குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கையால என்ன. ஆள் வரட்டும்," என்றாள்.

நான்காம் நாள் காலை திருமதி லிம்மின் சம்மதம் வாங்க வேண்டும். அவர் சரி என்றால்தான் பணம் கிளம்பும். கைத்தொலைபேசி அலை அங்கே கிடைத்தும் கிடைக்காமலும் இருந்ததால் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போனேன். தொலைபேசிக் கூண்டுக்குக் கதவு உண்டு, மேலே கூரை கிடையாது. உள்ளே பேசுவது கடையில் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் ஆங்கிலப் பத்திரிகை வைத்திருந்தார்கள்.

திருமதி லிம் எடுத்ததும் கேட்டார், அந்தக் குழந்தை அவனுக்கு என்ன உறவு, ஏன் கொடுக்கிறான்? தமிழும் முடியாது, ஆங்கிலமும் முடியாது. அப்போதுதான் எனக்கு மலாய் ஞாபகம் வந்தது. உங்கள் அப்பாவுக்கு மலாய், சந்தையில் மீன் வாங்கிப் பழகிய மலாய்தான். ஆனாலும் பேசினேன். பேரில்லாமல், ஊரில்லாமல், இங்கே குடும்பம் அம்மா வழியாகப் போகிறது, வீடு பெண்ணுக்கு, தங்கை பெற்றதுதான் அவனுக்குச் சொந்த வம்சம் என்றேன்.

 திருமதி லிம்மும் மலாயிலேயே பேசினார். நெகிரி செம்பிலான் மாதிரியா என்று கேட்டார். அவர் பிறந்து வளர்ந்தது சிரம்பானில். அந்த மாநிலத்து மலாய்க்காரர்களில் பழைய வழக்கப்படி நிலமும் வீடும் பெண்வழியாகத்தான் போகும், பள்ளித் தோழி வீட்டில் பார்த்திருக்கிறேன் என்றார். நீ இருக்கிற இடத்திலும் தாய்மாமன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார், இல்லையா என்றார். ஆமாம் என்றேன். இதை நீ முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். எனக்கே நேற்றுத்தான் தெரியும் என்றேன். எழுதிக் கையோடு கொண்டு வா, பணத்தை இன்றைக்கே விடுகிறேன் என்றார்.

கூண்டைவிட்டு வெளியே வந்து காசு கொடுத்தேன். கடைக்காரர் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். மீதிச் சில்லறையை என் கையில் வைக்கும்போது, "தெரிமா காசே," என்றார், சுத்தமான மலாயில் நன்றி.

மலாய் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பினாங்கில் கடை வைத்திருந்தாராம். அப்படியானால் ஒரு வார்த்தை விடாமல் விளங்கியிருக்கும். நான் சில்லறையை எண்ணுவது போல நின்றேன். அவர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே, அதே மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னார்: எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்த்தேன்.

உறுதி மறுநாள் முடிந்தது. வசந்தி குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தாள். வைத்தியரிடம் காட்டப் போவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்தாளாம். வீட்டை விற்கிறவர் சிலேட்டில் எழுதினார், மிஸ் தலையசைத்தார், துடைத்தார். வானொலியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். குழந்தை அந்தச் சிலேட்டைக் கேட்டு அழுதது, கரடிக்காக. மிஸ் தரவில்லை. ஸ்டான்லி ஒரு முத்திரையை எடுத்து அதன் புறங்கையில் குத்தினார். உடனே அழுகை நின்றது.

புறப்படும்போது மிஸ் எனக்கு ஒரு சட்டி தயிர் கட்டிக் கொடுத்தார். "உங்கட விதி நல்லதுதான், தம்பி. கேக்கிற ஆளப் பொறுத்தது." சட்டி கொழும்பு வரைக்கும்கூட வரவில்லை. ஒரு சாவடியில் உடைந்து என் ஒரே நல்ல காற்சட்டையில் கொட்டியது. சிப்பாய்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மடித்து உள்சட்டையில் வைத்திருந்த தாள் நனையவில்லை.

மாதக் கடைசியில் குணாவை வழியனுப்பச் சாங்கி விமான நிலையத்துக்குப் போனேன். ஒரு நெகிழிப் பை, அதில் இரண்டு சட்டை, குழந்தைக்கு ஒரு பொம்மை. பொம்மை விலை கூடியதாகத் தெரியுமோ என்று கேட்டு, உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மற்றவர்களுக்குக் கை தெரியட்டும், விரல் இல்லாதவனிடம் காசு இருக்காது என்று நினைப்பார்கள் என்றார். போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் கூப்பிடச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, கூப்பிடமாட்டன் அண்ணன், சிங்கப்பூருக்குக் கோல் எடுக்கிறவன்ட்ட என்னமோ இருக்கு எண்டு நினைப்பாங்க என்றார். நானும் கூப்பிடக் கூடாது.

நான் சரி என்றேன். அதுதான் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு அலுவலகத்தில் தொலைபேசி அடித்தால் முதல் ஆளாக ஓடியது நான்தான். திருமதி லிம் ஒரு முறை, எனக்கு எதிரே நின்று, அந்தப் பையன் என்று ஆரம்பித்து மேலே கேட்காமல் போய்விட்டார். அடுத்த ஆண்டு போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அகதி முகாம் வேலிக்குள் நின்ற கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அது வேறு இடம், வடக்கு, அவர் அங்கே இருக்க வழியில்லை என்று தெரிந்தும் பார்த்தேன். நீங்கள் கார்ட்டூன் வைக்கச் சொல்லி அழுதீர்கள்.

அந்த வாரம் ஒரு நாள் வேலை முடிந்து ரயிலேறாமல் சிராங்கூன் சாலைக்கு நடந்தேன். கோயிலில் கூட்டம் இல்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கி, தட்டை நீட்டினேன். ஐயர் வழக்கம்போல, பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ என்றார். குணாவின் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பின்னால் ஒரு அம்மாள் மட்டும் நின்றுகொண்டிருந்தார், பூக்கூடையோடு.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றேன்.